சமவெளிக்கு மேலே ஓடிய யூப்ரடீஸ்

மெசபடோமியா என்றதும் யூப்ரடீஸுக்கும் டைக்ரிஸுக்கும் நடுவே பச்சைப் பசேலென்று கிடக்கும் நிலம்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் பழங்காலத்தில் சுமேரியர்கள் என்ற மக்கள் வாழ்ந்த தெற்கு ஈராக்கில் ஆண்டு மழை 200 மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. மானாவாரி விவசாயத்துக்கு அங்கே வழியே இல்லை. கட்டடத்துக்குக் கல்லோ நல்ல மரமோ கிடையாது, உலோகத் தாதுவும் கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் உருக், நிப்பூர், லகாஷ் போன்ற நகரங்கள் எப்படி எழுந்தன? சில மீட்டர் உயர வித்தியாசம்தான் பெரிய காரணம் என்பேன்.

இரண்டு ஆறுகளும் கிழக்குத் துருக்கி மலைகளில் பிறக்கின்றன. பனி உருகும்போது மலை மண்ணை அள்ளிக்கொண்டு இறங்குகின்றன. பாக்தாத்திலிருந்து கடல் 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆனால் அந்த நகரமே கடல் மட்டத்துக்கு மேல் 35 மீட்டர் அளவில்தான் உள்ளது. கிலோமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் சரிவுகூட இல்லை. வேகம் குறைந்த ஆறு, சுமந்து வந்த மண்ணை வழியிலேயே இறக்கிவிடுகிறது. வெள்ளம் கரை புரளும்போது கனமான மணல் கரையோரத்திலேயே படிகிறது. மெல்லிய களிமண் தூரம்போய்ப் படிகிறது. இப்படியே ஆண்டுக்கு ஆண்டு கரையும் உயர்கிறது, ஆற்றின் அடித்தளமும் உயர்கிறது. கடைசியில், தானே கட்டிய அகலமான மேட்டின் முதுகில், சுற்றியுள்ள நிலத்தைவிட உயரத்தில் ஆறு ஓடுகிறது.

விவசாயிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஏற்றம் இறைக்க வேண்டியதில்லை. கரையை வெட்டிவிட்டால் போதும், தண்ணீர் தானாகச் சரிவில் இறங்கும். மேட்டின் உச்சியில் பேரீச்ச மரங்கள், அவற்றின் நிழலில் வெங்காயமும் கீரைகளும். சரிவில் பார்லி வயல்கள். அதற்கும் கீழே, தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் நாணல் காடு. மீனும் நீர்ப்பறவைகளும் அங்கே கிடைக்கும், வீடு கட்டவும் பாய் முடையவும் நாணல் கிடைக்கும். ஆற்றங்கரையிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தாலே இத்தனையும் கைக்கு வந்துவிடும்.

சிக்கல் வெள்ளம் வரும் காலத்தில் இருந்தது. நைல் நதியில் கோடை முடிவில் வெள்ளம் வந்து வடிந்ததும் விதைக்கலாம். இங்கோ விதைக்கும் அக்டோபர், நவம்பரில் ஆறு மெலிந்து கிடக்கும். பனி உருகி வரும் வெள்ளமோ, கதிர் முற்றி அறுவடைக்கு நிற்கும் ஏப்ரல், மே மாதங்களில் பாயும். ஆற்றின் அடித்தளம் உயர்ந்து நின்றதால்தான் மெலிந்த காலத்திலும் வாய்க்காலில் தண்ணீர் ஏறியது. வெள்ளக் காலத்தில் அதே உயரம் விளைந்த பயிரை மூழ்கடிக்கும். அதனால் வாய்க்காலைத் தூர்வாரவும் கரையைக் காவல் காக்கவும் ஊரே கூட வேண்டியிருந்தது.

அப்புறம் உப்பு. நிலம் தட்டையாக இருந்ததால் பாய்ச்சிய தண்ணீருக்குச் சரியான வடிகால் இல்லை. நிலத்தடி நீர் மேலே ஏறி வெயிலில் ஆவியாகும். உப்பு மட்டும் மேல்மண்ணில் பூத்து நிற்கும். கோதுமையைவிட உப்பைத் தாங்கும் பார்லிதான் தெற்கில் முதன்மைப் பயிரானது. மண் உவராகி விளைச்சல் விழுந்ததே சுமேரின் வீழ்ச்சிக்கு ஒரு காரணம் என்று 1958இல் ஆய்வாளர்கள் தோர்கில்ட் யாக்கப்சனும் ராபர்ட் ஆடம்ஸும் எழுதினார்கள். அது மிகைப்படுத்தல் என்று மறுத்தவர்களும் உண்டு. எனக்கு அதைவிட வியப்பூட்டுவது அங்கிருந்த விவசாயிகளின் கைப்பக்குவம். ஒரு வருடம் விதைத்தால் மறுவருடம் நிலத்தைத் தரிசாகப் போடுவார்கள். ஆழமாக வேர்விடும் முட்செடிகள் அதில் முளைத்து நிலத்தடி நீரை உறிஞ்சிவிடும். அடிமண் காய்ந்துவிட்டால், அடுத்த பாசனத்தில் மேல்மண் உப்பு கீழே இறங்கிவிடும்.

ஆனால் மேட்டில் ஓடும் ஆறு எத்தனை காலம் அங்கேயே ஓடும்? பெரிய வெள்ளத்தில் கரை ஒரே இடத்தில் உடைந்தால் போதும், பள்ளத்தைக் கண்ட ஆறு புதுத் தடத்தைப் பிடித்துக்கொள்ளும். அன்று யூப்ரடீஸ் பல கிளைகளாக ஓடியது. நிப்பூரும் உருக்கும் அவற்றின் கரையில் இருந்தன. இன்று இரண்டும் ஆற்றை விட்டு விலகிய வறண்ட நிலத்தில் கிடக்கின்றன. ஆறு போனாலும் அது கட்டிய மேடு முழுவதும் அழிவதில்லை. 1960களில் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்து, 1995இல் பொதுவில் வெளியிடப்பட்ட, ‘கொரோனா’ என்ற உளவுத் திட்டத்தின் படங்களில் அந்தப் பழைய கரைகள் மண்ணின் நிற வேறுபாடாகத் தெரிகின்றன. அவற்றை ஒட்டியே பழைய ஊர்களின் மண்மேடுகள் வரிசையாகக் கிடக்கின்றன. அந்த வரிசைகளைப் பின்தொடர்ந்துதான் காணாமல்போன கிளைகளை ஆய்வாளர்கள் வரைபடத்தில் குறித்துவருகிறார்கள்.