தொங்கும் மாடிகள், திறந்த தரை

வானளாவிய கட்டடம் எழும்பிய இடத்தில் தெருவின் உயிர்ப்பே போய்விடுகிறதே, பொறியியலில் இதற்கு வழி கிடையாதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். உண்டு. ஹாங்காங்கில் 1985-இல் கட்டி முடிக்கப்பட்ட எச்.எஸ்.பி.சி. வங்கித் தலைமையகத்தைப் பாருங்கள். கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர். உயரம் சுமார் 179 மீட்டர்.

வழக்கமான கோபுரத்தில் லிஃப்டுகளும் படிக்கட்டுகளும் நடுவில் இருக்கும், சுற்றிலும் தூண்கள். எல்லா மாடிகளின் எடையும் சேர்ந்து இறங்குவதால் தூண்கள் அடியில்தான் மிகப் பருமனாகின்றன. ஊர் உள்ளே வர வேண்டிய தரைத்தளம் அடைபட்டுப் போகிறது.

இங்கே மாடிகளைத் தொங்கவிட்டார்கள். எட்டு பெரிய எஃகுக் கம்பங்கள். அவற்றை இணைத்து ஐந்து உயரங்களில் எஃகுச் சட்டங்கள், ஒவ்வொன்றும் இரண்டு மாடி உயரம். சட்டத்திலிருந்து தண்டுகள் கீழிறங்க, மாடிகள் அவற்றில் தொங்குகின்றன. எடை முதலில் மேலே ஏறி, சட்டத்தின் வழியே கம்பத்துக்குப் போய், பிறகுதான் தரைக்கு வருகிறது.

எதற்கு இந்தச் சுற்றுவழி? ஓர் ஈர்க்குச்சியை நிறுத்தி மேலிருந்து அமுக்கினால் உடனே நெளிந்துவிடும். இரு முனைகளையும் பிடித்து இழுத்தால், உங்கள் கைதான் முதலில் சலிக்கும். இழுவிசையில் நெளிவதற்கு இடமில்லை. அதனால் தண்டு மெலிதாக இருந்தாலே போதும். என்னை மயக்குவது அடுத்த விஷயம். தூணுக்குச் சுமை கீழே போகப் போகக் கூடும். தொங்கும் தண்டுக்கோ குறைந்துகொண்டே வரும். கடைசி மாடியைப் பிடித்ததும் அதன் வேலை முடிந்தது. அதற்குக் கீழே அது இருக்கவே தேவையில்லை!

லிஃப்டுகளையும் பக்கவாட்டுக்கு ஒதுக்கியதால், கம்பங்களுக்கு இடையே வெட்டவெளி கிடைத்தது. குயின்ஸ் சாலையிலிருந்து தெ வோ சாலைக்கு யார் வேண்டுமானாலும் வங்கியின் அடியிலேயே நடந்து போகலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுவேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண்கள் அட்டைகளை விரித்து, சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்டு, பொழுதெல்லாம் பேசிக்கொண்டிருப்பார்கள். வேலை செய்யும் வீட்டிலேயே தங்க வேண்டும் என்ற விதி அவர்களுக்கு உண்டு. விடுமுறை நாளில் உட்கார ஓர் இடம் எவ்வளவு பெரிது!

அங்குள்ள நகரும் படிக்கட்டுகள் சாய்கோணத்தில் அமைந்ததற்கு ஃபெங் சுயி (சீனர்களின் வாஸ்து) ஆலோசனையே காரணம் என்பார்கள். அந்தக் கதை பரவிய அளவுக்கு தண்டுகளின் கதை பரவவில்லை என்பதில் எனக்கு வருத்தம்தான்.

2011 அக்டோபரில், பொருளாதார ஏற்றத்தாழ்வை எதிர்த்த போராட்டக்காரர்கள் வங்கியின் அடியில் அதே இடத்தில் கூடாரம் அடித்தார்கள். வங்கி நீதிமன்றம் சென்று உத்தரவு பெற்றது. 2012 செப்டம்பரில் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். தரையைத் திறந்துவைப்பது பொறியாளரால் முடியும். அங்கே யார், எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதைக் கட்டட அனுமதியின்போதே நகர நிர்வாகம் எழுதி வாங்கிவிட வேண்டும் என்பது என் கட்சி.