பட்டியலில் இருந்தால் விசா வந்துவிடாது, மேஸ்திரி

"சார், கடிதத்தில் 4020 என்று போட்டிருக்கிறது. இது நான் கட்ட வேண்டிய தொகையா?"

இந்த மாதத்தில் இப்படி வரும் நான்காவது அழைப்பு இது. பேசியவர் புதுக்கோட்டைப் பக்கத்துக் கொத்தனார். வயது 41. அதில் ஒன்பது ஆண்டுகளைச் சிங்கப்பூரில் செங்கல் கட்டியே கழித்தவர். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வாட்ஸாப்பில் அவர் அனுப்பியது ஆஸ்திரேலியக் குடிவரவுத் துறையின் மறுப்புக் கடிதம். மெல்பர்னில் பதிவு பெற்ற குடியேற்ற ஆலோசகராக இருக்கும் எனக்கு அந்த நான்கு இலக்கங்களைப் பார்த்தாலே வயிறு கலங்கும். அது தொகை அல்ல, விதி எண். போலி ஆவணமோ பொய்த் தகவலோ கொடுத்தவர் மீது பாயும் விதி. பாய்ந்தால் மூன்று ஆண்டுகளுக்கு ஏறத்தாழ எல்லா விசாக் கதவுகளும் அடைபடும். அடையாளத்திலேயே மோசடி என்றால் பத்து ஆண்டுகள். பொய் எழுதியவர் ஏஜென்ட்தானே என்று யாரும் விட்டுவிட மாட்டார்கள்.

நடந்தது இதுதான். ஊரில் ஓர் ஏஜென்ட் ஆறு லட்சம் வாங்கிக்கொண்டு, "முதலில் விசிட் விசாவில் போய்விடுங்கள், அங்கே போய் வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம்" என்றிருக்கிறார். கொத்தனார் என்று எழுதினால் சுற்றுலா விசா கிடைக்காதாம். அதனால் கோயம்புத்தூரில் இல்லாத ஒரு கட்டுமான நிறுவனத்தில் 2016 முதல் 2022 வரை இவர் திட்ட மேலாளர் என்று லெட்டர்பேட் அடித்துக் கொடுத்திருக்கிறார். அதே விண்ணப்பத்தோடு இணைத்த பாஸ்போர்ட்டில், அதே ஆண்டுகளில், திருச்சி விமான நிலையத்தின் புறப்பாட்டு முத்திரைகள் வரிசையாக இருக்கின்றன. கோயம்புத்தூரில் மேலாளராக இருந்தவர் ஏன் வருடத்துக்கு ஒரு முறை சிங்கப்பூர் போய்க்கொண்டிருந்தார் என்று கேட்க அதிகாரிக்குப் பெரிய மூளை தேவையில்லை. விளக்கம் கேட்டு மின்னஞ்சலும் வந்திருக்கிறது. அந்த மின்னஞ்சல் முகவரி ஏஜென்ட் உருவாக்கியது. கடவுச்சொல் இவருக்குத் தெரியாது.

ஏன் ஒப்புக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "பட்டியலில் நம் தொழில் இருக்கிறது சார், பேப்பரெல்லாம் சும்மா ஒரு சம்பிரதாயம்தான் என்றார்கள்" என்றார்.

பட்டியல்! இந்தச் சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. செங்கல் கட்டுநர், தொழில் எண் 331111, ஆஸ்திரேலியாவின் திறன் தொழில் பட்டியலில் இருப்பது உண்மை. அந்த ஸ்க்ரீன்ஷாட்டைத்தான் எல்லா ஏஜென்ட்டுகளும் காட்டுகிறார்கள். பட்டியலில் தொழில் இருந்தால் அந்தத் தொழில் தெரிந்தவர் விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். ரேஷன் கடை திறந்திருக்கிறது என்றால் உங்கள் பையில் அரிசி விழுந்துவிட்டது என்று அர்த்தமா? கார்டு வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், கைரேகை பொருந்த வேண்டும். அதற்குப் பிறகும் இருப்பு இருக்க வேண்டும். இதைத் தொலைபேசியில் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் கணக்காகவே போட்டுக் காட்டிவிடுகிறேன்.

முதலாளி யாரும் இல்லாமல் சொந்தத் தகுதியில் வரும் விசாக்கள் மூன்று: 189, 190, 491. மூன்றுக்கும் குறைந்தது 65 புள்ளிகள் வேண்டும், அழைப்பு வரும்போது வயது 45 ஆகியிருக்கக் கூடாது, ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் நான்கு பிரிவிலும் ஆறு எடுக்க வேண்டும், தொழில் திறன் மதிப்பீட்டில் தேற வேண்டும். 32 வயதுக் கொத்தனார் ஒருவருக்கு வயதுக்கு 30 புள்ளிகள். கடந்த பத்து ஆண்டுகளுக்குள் எட்டு ஆண்டு வெளிநாட்டிலோ இந்தியாவிலோ வேலை பார்த்ததை நிரூபித்தால் 15. தொழில் தகுதி ஏற்கப்பட்டால் 10. ஆங்கிலத்தில் ஆறு எடுத்ததற்குப் புள்ளி எதுவும் இல்லை, அது நுழைவுக் கட்டணம் போல. ஆகக் கூட்டினால் 55. பிராந்தியப் பகுதிக்கான 491 விசாவுக்கு மாநிலம் பரிந்துரைத்தால் இன்னும் 15, மொத்தம் 70. இதே மனிதருக்கு 41 வயது என்றால் வயதுக்கு 15 தான், மாநிலப் பரிந்துரையையும் சேர்த்தே மொத்தம் 55. வாசலுக்கே வர முடியாது. மனைவிக்கு ஆங்கிலம் இருந்தால் ஐந்து கூடும், அப்போதும் 60. இதில் 65 என்பதும் விண்ணப்பிக்க விருப்பம் தெரிவிக்கும் தகுதி மட்டுமே. அழைப்பு யாருக்கு என்பதை அரசும் மாநிலங்களும் முடிவு செய்யும்.

அப்படியானால் நம் புதுக்கோட்டைக்காரருக்கு வழியே இல்லையா? இருந்தது. இங்குள்ள முதலாளி ஸ்பான்சர் செய்யும் 482 விசாவில் வயது வரம்பு கிடையாது. கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் ஓராண்டு முழுநேர அனுபவம், ஐந்தை ஒட்டிய ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண், ஆண்டுக்குக் குறைந்தது 76,515 டாலர் சம்பளம் தரும் வேலை (இது 2025 ஜூலை நிலவரம், ஆண்டுதோறும் உயரும்). இரண்டு ஆண்டுகள் உழைத்த பிறகு நிரந்தர விசாவுக்கு முதலாளி பரிந்துரைக்கலாம், அங்கே 45 என்ற வரம்பு வரும். இவருக்கு இப்போது 41. மூன்று ஆண்டுத் தடை முடியும்போது 44. அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்பான்சர் என்றதும் இன்னொன்று. ஸ்பான்சர்ஷிப் தருவதற்காக முதலாளியோ இடைத்தரகரோ பணம் கேட்பது 2015 டிசம்பர் முதல் ஆஸ்திரேலியாவில் சட்டப்படி குற்றம். கொடுப்பவர் மீதும் நடவடிக்கை உண்டு, விசாவும் போகும். "கம்பெனிக்குப் பத்து லட்சம், எனக்கு இரண்டு லட்சம்" என்று பேசுகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். டீ கொடுத்தால் குடித்துவிட்டு வாருங்கள்.

தொழிலைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். நம் ஊரில் கொத்தனார் என்றால் கட்டு வேலை, பூச்சு வேலை, டைல்ஸ், தளம் எல்லாம் அவர்தான். இங்கே செங்கல் கட்டுபவர் ஒரு தொழில், பூச்சு இன்னொரு தொழில், டைல்ஸ் மூன்றாவது தொழில். ஒவ்வொன்றுக்கும் தனி எண். "எல்லாக் கட்டட வேலையும் தெரியும்" என்று சான்றிதழில் எழுதினால் உங்களுக்கு எதுவும் தெரியாது என்பது போலத்தான் மதிப்பிடுபவருக்குப் படும். வேறொன்றும் உண்டு. நாம் ஒன்பது அங்குலச் சுவரைக் கட்டிவிட்டு மேலே பூசிவிடுவோம், இணைப்பு கோணலாக இருந்தாலும் பூச்சு மறைத்துவிடும். இங்கே வீடுகளில் கட்டிய செங்கல்தான் வெளிமுகம். கல்லின் அளவு ஏறக்குறைய நம் ஊர்க் கல்தான், 230க்கு 110க்கு 76 மில்லிமீட்டர். ஆனால் பத்து மில்லிமீட்டர் கலவை இணைப்பு தெருவிலிருந்து பார்க்கும்போது நூல் பிடித்தது போல ஓட வேண்டும். ரசமட்டமும் தூக்குக்குண்டும் பிடித்துப் பழகிய நல்ல மேஸ்திரிக்கு இது சில வாரப் பயிற்சி. பயிற்சி இல்லாமல் நேர்காணலுக்கோ செய்முறைத் தேர்வுக்கோ போய் உட்கார்ந்தால் முதல் வரிசையிலேயே தெரிந்துவிடும்.

தாள்களுக்கு வருகிறேன். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் உண்மையான தாள்களைத் தூக்கி எறியாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். சிங்கப்பூரில் 2016 ஏப்ரலிலிருந்து விவரமான சம்பளச் சீட்டு தருவது கட்டாயம். அந்தச் சீட்டுகள், பழைய வொர்க் பர்மிட், வளைகுடாவில் இருந்திருந்தால் ஒப்பந்தமும் இக்காமா என்ற குடியிருப்பு அனுமதி அட்டையும், வங்கியில் சம்பளம் விழுந்த பக்கங்கள், கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டையும் அதன் புதுப்பிப்புகளும், நீங்கள் கரணையோடு நிற்கும் படங்கள், வரிசை கட்டும் வீடியோ. மேஸ்திரி கையெழுத்திட்ட கடிதம் என்றால் அவர் தொலைபேசி எண் உயிரோடு இருக்க வேண்டும், ஏனென்றால் கூப்பிட்டுக் கேட்பார்கள்.

ஏஜென்ட்டைச் சோதிப்பது சிரமமே இல்லை. ஆஸ்திரேலியாவில் பதிவு பெற்ற ஆலோசகருக்கு ஏழு இலக்கப் பதிவு எண் இருக்கும், அரசு இணையதளத்தில் பெயரோடு பொருந்துகிறதா என்று நீங்களே பாருங்கள். இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும், இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அதுவும் தெரியும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். விண்ணப்பத்தில் போடும் மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்கட்டும், கடவுச்சொல்லும் உங்களிடமே. பாஸ்போர்ட்டில் ஒட்டிய ஆஸ்திரேலிய விசாவைப் படமெடுத்துக் காட்டினால் அது போலி. 2015இலேயே ஒட்டுவதை நிறுத்திவிட்டார்கள், எல்லாம் மின்னணுப் பதிவு. உங்கள் விசா உண்மையா என்று இணையத்தில் நீங்களே இலவசமாகப் பார்க்கலாம். விசிட் விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. "மேற்கொண்டு தங்க அனுமதி இல்லை" என்ற 8503 நிபந்தனை அதில் இருந்தால் இங்கிருந்தபடி வேறு விசாவுக்கு விண்ணப்பிக்கவும் பெரும்பாலும் முடியாது. மாற்றிக்கொள்ளலாம் என்கிறவரிடம் இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

அந்தச் சிங்கப்பூர்ச் சீட்டுகள் எங்கே என்று அவரிடம் கேட்டேன். துணிக்கடைப் பையில், ரப்பர் பேண்ட் போட்டு, பீரோவுக்கு மேலே இருக்கின்றன. ஏஜென்ட்டிடம் கொண்டு போனபோது "இதெல்லாம் தேவையில்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். ஒன்றைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். தொழில் என்ற இடத்தில் பிரிக்லேயர் என்று தெளிவாக அச்சிட்டிருந்தது.

வைப்பதற்கு முன் தயங்கித் தயங்கிச் சொன்னார், மச்சினனும் கொத்தனார்தானாம், 29 வயது, அவனும் அதே ஆளிடம் போன வாரம் முன்பணம் கட்டிவிட்டானாம். பணம் போனால் போகட்டும், முதலில் பாஸ்போர்ட்டைக் கையில் வாங்குங்கள், அதைப் பிடித்து வைக்க எந்த ஏஜென்ட்டுக்கும் உரிமை இல்லை என்றேன். "அது அந்த ஆபீஸில்தான் இருக்கிறது சார், நாளைக்குக் காலையிலேயே போகிறோம்" என்றார்.