ராக் அண்ட் ரோல்: பாறை எங்கிருந்து வந்தது?

ராக் இசையை யாராவது 'பாறை இசை' என்று எழுதினால் எனக்கு மனசு கேட்பதில்லை. பாறைக்கும் இந்த இசைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு தனிச் சொற்கள் இருக்கின்றன. பாறையைக் குறிக்கும் 'ராக்' பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. இசைக்குப் பெயர் தந்த 'ராக்' பழைய ஆங்கில வினைச்சொல். தொட்டிலை அசைப்பது அதன் பொருள். தமிழில் நேராகச் சொன்னால் 'ஆட்டு'. தாலாட்டில் இருக்கிறதே, அதே ஆட்டு. கூட வரும் 'ரோல்' என்றால் உருளுதல், புரளுதல். அதன் வேர் சிறு சக்கரத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்.

இந்த இரண்டையும் ஜோடி சேர்த்தது கடல். அலையில் கப்பல் ஆடுவதையும் புரள்வதையும் சொல்ல மாலுமிகள் நெடுங்காலமாக இந்தத் தொடரைப் பயன்படுத்தி வந்தார்கள். 1934இல் அமெரிக்கப் பாடகிகளான பாஸ்வெல் சகோதரிகள் 'ராக் அண்ட் ரோல்' என்ற பெயரிலேயே ஒரு பாட்டுப் பாடியபோதும் அது கடலின் ஆட்டத்தைப் பற்றியதாகத்தான் இருந்தது.

ஆனால் அதற்கு முன்பே அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சில் இந்தச் சொற்களுக்கு வேறு உயிர் வந்துவிட்டது. தேவாலயத்தில் பாட்டும் கைத்தட்டலும் உச்சத்துக்குப் போய், அருள் வந்து உடம்பு தன்னை மறந்து ஆடுவது ஒரு பொருள். கலவியை மறைமுகமாகச் சொல்வது இன்னொரு பொருள். 1922இல் பாடகி டிரிக்சி ஸ்மித் பதிவு செய்த ப்ளூஸ் (கறுப்பின மக்களின் சோக இசை) பாட்டின் தலைப்பிலேயே 'ராக்' என்பதும் 'ரோல்' என்பதும் இந்த இரண்டாவது பொருளில் சேர்ந்து வருகின்றன. இருபது ஆண்டு கழித்து, 1942இல், பில்போர்டு என்ற அமெரிக்க இசைத்துறை இதழ் இதே தொடரைப் பக்திப் பாடகி சிஸ்டர் ரொசெட்டா தார்ப்பின் குரலைப் புகழ எடுத்துக்கொண்டது. படுக்கையறையும் கோவிலும் ஒரே சொல்லில் வந்து நின்றன.

சரி, இது எப்போது ஓர் இசை வகையின் பெயரானது? இங்கேதான் மார்ச் 21 என்ற நாள் வருகிறது.

ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் ஆலன் ஃபிரீட் என்ற வானொலி அறிவிப்பாளர் இருந்தார். வெள்ளைக்கார இளைஞர்கள்கூடத் தன் கடைக்கு வந்து கறுப்பினக் கலைஞர்களின் இசைத்தட்டுகளைத் தேடி வாங்குவதை லியோ மின்ட்ஸ் என்ற கடைக்காரர் அவருக்கு எடுத்துச் சொன்னார். 1951இல் 'மூன்டாக்' என்ற பட்டப்பெயரோடு ஃபிரீட் இரவு நிகழ்ச்சியில் அந்தத் தட்டுகளைப் போடத் தொடங்கினார். நேயர்களை நேரில் ஒன்று சேர்க்க, 1952 மார்ச் 21 அன்று கிளீவ்லாந்து அரீனாவில் 'மூன்டாக் முடிசூட்டு விழா' நடந்தது. அரங்கம் சுமார் 10,000 பேரைக் கொள்ளும். வந்து குவிந்ததோ அதைப்போல் இரண்டு மடங்கு கூட்டம். போலி டிக்கெட்டுகள் ஒரு காரணம், அளவுக்கு மீறி அச்சிட்டது இன்னொன்று. கதவுகள் உடைந்தன. பால் வில்லியம்ஸ் குழு தொடக்கப் பாட்டை வாசித்து முடிப்பதற்குள் அதிகாரிகள் விழாவையே நிறுத்திவிட்டார்கள். உலகின் முதல் ராக் கச்சேரி என்று பலரும் சொல்வது இந்த அரைகுறைக் கச்சேரியைத்தான்.

மூன்டாக் என்ற பெயரும் ஃபிரீடிடம் நிலைக்கவில்லை. நியூயார்க் தெருக்களில் அதே பெயரில் வாசித்துக்கொண்டிருந்த பார்வையற்ற கலைஞர் லூயிஸ் ஹார்டின் 1954இல் வழக்குப் போட்டு வென்றார். அப்புறம்தான் ஃபிரீட் தன் நிகழ்ச்சிக்கு 'ராக் அண்ட் ரோல்' என்று பெயர் வைத்தார். சொல்லைப் படைத்தவர் அவர் என்று எழுதுவது தவறு. கறுப்பின மக்கள் பேசிப் பாடி வளர்த்த சொல்லை ஊரறியச் செய்தவர் அவர். இந்த வேறுபாட்டை விட்டுவிடக் கூடாது.

மூன்டாக் விழாவுக்கு ஒன்பது ஆண்டு கழித்து அதே தேதி இங்கிலாந்தின் லிவர்பூலில் வருகிறது. 1961 மார்ச் 21 அன்று கேவர்ன் என்ற நிலவறை மன்றத்தில் பீட்டில்ஸ் குழுவினர் முதல்முறையாக இரவுக் கச்சேரி செய்தார்கள். பிப்ரவரியிலேயே மதிய நேரத்தில் வாசித்திருந்தார்கள், ஆனால் இரவு மேடை வேறு. அது ஜாஸ் இசைக்காகத் திறந்த இடம். 1957இல் பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனனின் பழைய குழு அங்கே வாசித்தபோது, அந்த 'ராக்'கை நிறுத்தச் சொல்லி உரிமையாளர் மேடைக்குத் துண்டுச்சீட்டு அனுப்பினார். ஜாஸ்காரர்கள் காதில் அந்தச் சொல் அப்போது வசவு. அறுபதுகளின் நடுவில் 'அண்ட் ரோல்' உதிர்ந்து வெறும் 'ராக்' தனித்து நின்றபோது அதுவே பெருமைக்குரிய பெயராகிவிட்டது.

இன்னொரு மார்ச் 21, 1991. ராக் கலைஞர்கள் விரும்பும் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற மின்கிதாரை உருவாக்கிய லியோ ஃபெண்டர் 81 வயதில் காலமானார். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது என்பதை நினைத்தால் இப்போதும் வியப்பாக இருக்கிறது.

இனி தமிழ்ச் சொல். தமிழகத்தில் 'ராக்' என்றும் இலங்கையில் 'றொக்' என்றும் எழுதுகிறோம். அறுபதுகளுக்குப் பிந்தைய, கிதார் ஓங்கிய இசைக்கு 'ராக் இசை' என்ற பெயர் பழகிவிட்டது, இருக்கட்டும். ஐம்பதுகளின் ராக் அண்ட் ரோலுக்குத் தமிழ்ச் சொல் தேடினால், 'துள்ளிசை' பாப் இசைக்கும் புழங்குவதால் குழப்பும். 'அதிரிசை' காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் அது சத்தத்தை மட்டும் சொல்கிறது, அசைவைச் சொல்லவில்லை. என் தேர்வு 'ஆட்ட இசை'. தொட்டில் ஆட்டம், கப்பலின் ஆட்டம், சாமியாட்டம், 'ஆட்டம் போடுவது' எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்குகின்றன. ஆங்கிலச் சொல் கடந்துவந்த பாதை முழுக்க நம் 'ஆடு' என்ற வினையில் முன்பே இருக்கிறது. இரண்டையும் சேர்த்து 'ஆட்டிசை' என்று மட்டும் எழுத வேண்டாம், வெள்ளாடு நினைவுக்கு வரும்.

எழுதிப் பார்க்கலாம்: '1952 மார்ச் 21 அன்று கிளீவ்லாந்தில் முதல் ஆட்ட இசைக் கச்சேரி தொடங்கியது. கூட்டம் தாங்காமல் முதல் பாட்டோடு நின்றுபோனது.'