மழை எது, கீறல் எது? ‘தி ஜெனரல்’ படத்தை வட்டுக்குக் கொண்டுவருவது எப்படி

பஸ்டர் கீட்டன் நடித்த ‘தி ஜெனரல்’ (1926), அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் நடக்கும் மௌன நகைச்சுவைப் படம். அதில் ஒரு காட்சி. ஓடும் ரயில் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள விறகுப் பெட்டியில் நின்றபடி, தெற்குப் பக்கத்து எஞ்சின் ஓட்டுநர் ஜானி கிரே (கீட்டன்) மும்முரமாக விறகு பிளக்கிறான். அவனுக்குப் பின்னால் தெற்குப் படை முழுவதும் பின்வாங்கி ஓடுகிறது. சற்று நேரத்தில் அதே வெளியில் வடக்குப் படை முன்னேறி வருகிறது. எதிரியின் எல்லைக்குள் வந்துவிட்டது தெரியாமல் அவன் கோடரியை ஓங்கிக்கொண்டே இருக்கிறான். இந்தக் காட்சியின் நகைச்சுவை முழுக்கப் பின்னணியில், புழுதிக்கு நடுவே, சின்னச் சின்ன உருவங்களாக இருக்கிறது. நல்ல வட்டில் (டிவிடி, ப்ளூரே) குதிரைகளும் ஆட்களும் தனித்தனியாகத் தெரிவார்கள். மோசமான வட்டில் அந்த இடத்தில் சாம்பல் நிறத் தீற்றல்தான் இருக்கும், சிரிப்பும் வராது.

அமெரிக்காவில் இந்தப் படத்தின் காப்புரிமை 1950-களிலேயே காலாவதியாகிவிட்டது. அதனால் கையில் ஒரு பிரதி வைத்திருந்த எவரும் இதை வெளியிடலாம், வெளியிட்டும் இருக்கிறார்கள். ‘மீட்டெடுக்கப்பட்டது’, ‘4கே’ என்று அட்டையில் அச்சிட யாரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எனவே அட்டையை விட்டுவிட்டு, ஸ்கேனரில் ஓடியது எந்தப் பிலிம் என்று முதலில் பார்க்க வேண்டும்.

கேமராவுக்குள் ஓடிய நெகட்டிவ்தான் முதல் தலைமுறை. அதிலிருந்து மாஸ்டர் பாசிட்டிவ், அதிலிருந்து டூப் (நகல்) நெகட்டிவ், அதிலிருந்து திரையரங்கப் பிரதி என்று ஒவ்வொரு படியிலும் நுணுக்கம் குறையும், கான்ட்ராஸ்ட் (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாடு) ஏறும். நான்காம், ஐந்தாம் தலைமுறைக்கு வரும்போது கீட்டனின் வெளிறிய முகம் வெறும் வெள்ளைத் தட்டாகிவிடும். முகத்தில் சலனமே காட்டாமல் கண்ணால் நடிப்பவர் அவர். கண் தெரியவில்லை என்றால் நடிப்பும் இல்லை. மலிவு வட்டுகள் பலவும் 35 மி.மீ. பிலிமிலிருந்து சுருக்கி எடுத்த 16 மி.மீ. பிரதிகளை நம்பியவை. அவற்றை 4கே-யில் ஸ்கேன் செய்தால் மங்கல்தான் இன்னும் துல்லியமாகப் பதிவாகும். மாறாக, கினோ நிறுவனம் 2009-இல் வெளியிட்ட ப்ளூரே, அசல் நெகட்டிவிலிருந்து நேராக எடுத்த 35 மி.மீ. பிரதியை வைத்துச் செய்யப்பட்டது. பிற்பாடு இத்தாலியின் பொலோன்யா நகரத் திரைப்படக் காப்பகம், கீட்டன் படங்களுக்கான தன் திட்டத்தின் கீழ் இதை 4கே-யில் மீட்டெடுத்தது.

பிரதியின் பூர்வீகத்தை அறிய ஒரு சுலபமான சோதனை உண்டு. மௌனப் படங்களின் பிம்பம் பிலிமில் இரண்டு வரிசைத் துளைகளுக்கு இடையேயான அகலம் முழுவதையும் நிரப்பியிருந்தது. ஒலிப்படம் வந்ததும் பிம்பத்தின் இடது ஓரம் ஒலித்தடத்துக்குப் போய்விட்டது. ஒலிப்படத்துக்கான இயந்திரத்தில் பழைய மௌனப் படத்தைப் பிரதி எடுத்தால் இடது ஓரம் வெட்டுப்படும். எழுத்து அட்டைகள் வரும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். வாசகம் நடுவில் இல்லாமல் இடப்பக்கம் ஒதுங்கி நின்றால், படம் முழுக்க அந்த ஓரம் போய்விட்டது என்று பொருள்.

அக்காலப் பிலிம் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனது. வயதானால் சுருங்கும், நெளியும். துளைகளுக்கு இடையேயான தூரம் ஒரு சதவீதம் குறைந்தாலே பல்சக்கரம் உள்ள பழைய இயந்திரங்களில் துளைகள் கிழியும். அதனால் பல் இல்லாத உருளைகளில் மெதுவாக ஓட்டி ஸ்கேன் செய்கிறார்கள். அடிப்படலத்தில் உள்ள கீறல்களைப் போக்க, பிலிமை ஸ்கேன் செய்யும் இடத்தில் பெர்குளோரோஎத்திலீன் திரவத்தில் நனைப்பதுண்டு. பிலிமும் இந்தத் திரவமும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் வளைப்பவை. கீறலுக்குள் திரவம் நிரம்பியதும் ஒளி அங்கே சிதறாது, கீறலும் தெரியாது. பிம்பம் உள்ள பக்கத்தில் வெள்ளியே சுரண்டப்பட்டுப் போயிருந்தால் இந்த வித்தை பலிக்காது. 4096 × 3112 புள்ளிகளில், மூன்று நிறங்களுக்கும் தலா 10 பிட் அளவில், ஒரு ஃபிரேம் சுமார் 51 மெகாபைட். ஒரு லட்சம் ஃபிரேம் என்றால் 5 டெராபைட்டுக்கு மேல்.

அதன்பிறகு வரும் தூசி நீக்கத்தில்தான் பெரும்பாலான விபத்துகள் நடக்கின்றன. வண்ணப் பிலிமில் ஒரு வசதி உண்டு. அதன் சாயங்களை அகச்சிவப்பு ஒளி ஊடுருவிவிடும், தூசி மட்டும் அதை மறிக்கும். ஆகவே தூசி எங்கே என்று தனி வரைபடமே கிடைத்துவிடும். கறுப்பு வெள்ளைப் பிலிமில் பிம்பமே உலோக வெள்ளி. அதுவும் அகச்சிவப்பை மறிப்பதால் இந்த வழி அடைபட்டுப் போகிறது. மிச்சமிருப்பது மென்பொருள். ஒரு ஃபிரேமில் இருந்து, அதற்கு முந்தியதிலும் பிந்தியதிலும் இல்லாதது எதுவோ அதையெல்லாம் அழுக்கு என்று அது முடிவு கட்டும்.

‘தி ஜெனரல்’ படத்தில் இரவில், காட்டில், கொட்டும் மழையில் ஒரு காட்சி வருகிறது. மழைத்துளி ஒவ்வொன்றும் ஒரே ஃபிரேமில் மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடாக விழும். மென்பொருளைப் பொறுத்தவரை அது அப்பட்டமான கீறல். நீக்கத்தின் வீரியத்தைக் கூட்டி வைத்தால் மழை பாதி நின்றுவிடும். எஞ்சினிலிருந்து பறக்கும் தீப்பொறிக்கும், சீறும் நீராவிக்கும், கையிலிருந்து விரைந்து பறக்கும் விறகுக்கும் இதே கதிதான். நல்ல மீட்டெடுப்புக் கூடங்களில் இத்தகைய ஷாட்டுகளில் தானியங்கி நீக்கத்தை நிறுத்திவிட்டு, ஆள் உட்கார்ந்து ஃபிரேம் ஃபிரேமாகக் கையால் துடைப்பார்கள். செலவு ஏறுவது இங்கேதான். வீட்டில் இதைக் கண்டுபிடிக்க, வேகமாகக் கை வீசும் காட்சியில் நிறுத்தி, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். விரல் நுனியோ விறகின் முனையோ ஒரு ஃபிரேமில் மட்டும் கரைந்து மீண்டும் முளைத்தால், மென்பொருள் அதைத் தின்றிருக்கிறது. என் கருத்தில், நாலு கீறலோடு வரும் வட்டு, மழையைத் தின்ற வட்டைவிட எவ்வளவோ மேல்.

ஆட்டம் நீக்குவதிலும் இதே ஆபத்து உண்டு. தேய்ந்த துளைகளால் பிம்பம் ஆடினால் அதைச் சரிசெய்ய வேண்டியதுதான். ஆனால் இந்தப் படத்தில் கேமராவே பல இடங்களில் ஓடும் வண்டியில் இருக்கிறது. பிம்பத்துக்குள் உள்ள பொருளை ஆதாரமாக வைத்து நிலைநிறுத்தினால் அந்தக் குலுங்கலும் சேர்ந்து போய்விடும். பிலிமின் துளையையோ பிம்பத்தின் விளிம்புக் கோட்டையோ ஆதாரமாக வைப்பதே முறை.

வேகம் இன்னொரு சிக்கல். 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். 1,000 அடிச் சுருள் நொடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் 11 நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும், 20-இல் 13 நிமிடம் 20 நொடி. மௌனப் படங்களுக்கு நிலையான வேகம் கிடையாது. 1920-களின் நடுவில் வந்த படங்கள் 24-ஐ நெருங்கிவிட்டதால் சிரமம் குறைவு, முந்தைய குறும்படங்களில்தான் அதிகம். 1080 வரிகள் கொண்ட முழு ஃபிரேம் படத்துக்கு ப்ளூரே ஏற்பது 24 அல்லது 23.976 மட்டுமே. 20 ஃபிரேம் படத்தை அதில் அடைக்க ஒவ்வோர் ஐந்தாவது ஃபிரேமையும் இருமுறை காட்ட வேண்டும். நொடிக்கு நான்கு சிறு தடுக்கல்கள். அதை மறைக்க இரண்டு ஃபிரேம்களைக் கலந்துவிடுவது இன்னும் மோசம், நிறுத்திப் பார்த்தால் ஒரு தலைக்கு இரண்டு தொப்பி தெரியும். 4கே அல்ட்ரா வட்டு நொடிக்கு 60 ஃபிரேம் வரை ஏற்பதால், அதில் ஒவ்வொன்றையும் மும்முறை காட்டினால் கணக்கு நேராகிவிடும்.

கடைசியில், வட்டில் அடங்குமாறு வீடியோவின் அளவைச் சுருக்கும் வேலை. பிம்பத்தை உருவாக்கும் பிலிமின் துகள்கள் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுவதால் அவற்றைச் சுருக்கப் பிட்டுகள் நிறையத் தேவை. ப்ளூரேயில் வீடியோவுக்கு உச்சவரம்பு நொடிக்கு 40 மெகாபிட். ஒரே வட்டில் நாலைந்து படங்களைத் திணிப்பவர்கள் முதலில் துகளைத் துடைத்துவிடுவார்கள். துகளோடு கம்பளித் துணியின் இழையும், தூரத்துப் படையின் புழுதியும் போகும், முகம் மெழுகாகும். பிறகு அதைக் கூர்மையாகக் காட்ட விளிம்புகளின் கான்ட்ராஸ்டை ஏற்றுவார்கள். கறுத்த தொப்பியைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடுவது அதன் தடயம்.

நல்ல வட்டு கிடைத்த பிறகும் வேலை மீதமிருக்கிறது. தொலைக்காட்சியின் அசைவு மென்மையாக்கம், இரைச்சல் குறைப்பு இரண்டையும் அணையுங்கள். கூர்மையைப் பூஜ்யத்துக்கோ, தயாரிப்பாளர் நடுநிலை என்று குறித்த அளவுக்கோ இறக்குங்கள். பட அளவை 4:3-இல் வையுங்கள். திரையை நிரப்ப இழுத்தால் ஜானி குண்டாகிவிடுவான், பெரிதாக்கினால் கால் வெட்டுப்படும். கீட்டன் ஓடுவதும் விழுவதும் தலை முதல் கால் வரை தெரிய வேண்டும்.