ஓம்புயிர்: ஊட்டுவதா, விலக்குவதா?

செந்தூலில் இருக்கும் அக்கா மகள் பள்ளியில் அறிவியலை மலாயில் படிக்கிறாள். பாடத்தில் 'பாராசிட்', 'பெருமா' என்று இரண்டு சொற்கள். "பாராசிட்னா ஒட்டுண்ணி, தெரியும் மாமா. பெருமாவுக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டாள். ஒட்டுண்ணி தங்கி வாழும் உயிர், அதாவது ஓம்புயிர் என்றேன். "யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதே இல்லையே" என்றாள். நியாயம்தான்.

மலாய்ச் சொல்லுக்குள் 'ரூமா', அதாவது வீடு இருக்கிறது. ஆங்கில 'ஹோஸ்ட்' லத்தீன் 'ஹோஸ்பெஸ்' வழி வந்தது; அதற்கு விருந்து தருபவர், விருந்தாளி என இரண்டு பொருளும் உண்டு. ஹாஸ்பிட்டலும் அதே வேர்தான். பாராசிட்டின் கிரேக்க மூலமோ பிறர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனைக் குறித்தது. நம் கல்யாண மண்டபங்களில் பழகிய முகம்!

தமிழில் ஓம்பு + உயிர். விருந்தோம்பலில் வரும் அதே ஓம்பு: பேணு, காப்பாற்று. சில பாடநூல்களில் 'விருந்தோம்பி' என்றும் இருக்கிறது. எனக்கு அது ஒப்பவில்லை. கொசு கொண்டுவந்த கிருமியை விருந்துக்கு அழைத்தது யார்? ஓம்பு என்பதற்கு இன்னொரு பழம்பொருளும் உண்டு. 'அல்லது செய்தல் ஓம்புமின்' என்கிறது புறநானூறு. அங்கே ஓம்புமின் என்றால் தவிருங்கள். பேணுவதும் விலக்குவதும் ஒரே சொல்லில்.

நஞ்சுக்கொடியின் வேலையும் இதுதான். குழந்தைக்கு ஊட்டவேண்டும், கிருமியை மறிக்கவும் வேண்டும். ஃபால்சிபாரம் மலேரியாக் கிருமி புகுந்த சிவப்பணு, வார்2சிஎஸ்ஏ என்ற புரதத்தை வெளியே நீட்டி, நஞ்சுக்கொடியின் மேல் இருக்கும் காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட் ஏ என்ற சர்க்கரைச் சங்கிலியைப் பற்றிக்கொள்கிறது. மண்ணீரல் பக்கம் போனால் அழிவு. இங்கே ஒதுங்கினால் பிழைப்பு. தலைப்பிரசவத்தில்தான் ஆபத்து அதிகம், உடம்பு அந்தப் புரதத்தை அதுவரை கண்டிருக்காது. அடுத்தடுத்த கர்ப்பங்களில் அதற்கான எதிர்ப்பொருள் சேர்ந்துவிடும்.

டாக்ஸோபிளாஸ்மா என்ற இன்னொரு ஒட்டுண்ணிக் கிருமி இன்னும் கில்லாடி. அது செல்லோடு பேசவே செய்கிறது. (செல்கள் பேசிக்கொள்ளும் இந்த வேதிக் குறிப்புகளைச் சமிக்ஞை, குறிகை என்பார்கள், எனக்குச் சேதி போதும்.) நுழையும்போதே ஆர்ஓபி16 என்ற புரதத்தை உள்ளே செலுத்தும், அது உட்கரு வரை போய் எதிர்ப்பு உத்தரவுகளை மாற்றிவிடும். ஜிஆர்ஏ28 என்ற இன்னொன்று, நஞ்சுக்கொடிச் செல்லையே சிசிஎல்22 என்ற சேதியை அனுப்ப வைக்கிறது. நோயெதிர்ப்பைத் தணிக்கும் செல்களை வரவழைக்கும் சேதி அது. ஓம்புயிர்ச் செல்லும் சும்மா இருப்பதில்லை. இன்டர்ஃபெரான் காமா என்ற நோயெதிர்ப்புச் சேதி வந்து உசுப்பினால், பல மனிதச் செல்கள் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தைச் சிதைத்துக் கிருமியைப் பட்டினி போடும். பந்தியில் உட்கார்ந்தவன் முன்னாலிருந்து இலையை உருவுவது மாதிரி.

டாக்ஸோபிளாஸ்மாவுக்குப் பூனை இறுதி ஓம்புயிர், அதாவது அது பாலினப் பெருக்கம் செய்யும் இடம்; மனிதர் இடைநிலை ஓம்புயிர், நடுவில் தங்கும் இடம் என்று சொல்லி முடித்தேன். அக்கா வீட்டில் இரண்டு பூனைகள். சாயங்காலம் போன் போட்டால், "ஓம்புயிர் ரெண்டும் சாப்பிட்டாச்சு மாமா" என்கிறாள்.