கணினியிலிருந்து ஒரு பைட் கிளம்பினால்

கணினித் திரையில் ஒரு பொத்தானை அழுத்துகிறோம். மேசைமேல் இருக்கும் ஆர்டுயினோ யூனோ என்ற சின்ன மின்னணு போர்டில் (நாம் நிரல் ஏற்றி இயக்கக்கூடியது) ஒரு எல்இடி விளக்கு எரிகிறது. நடுவில் இருப்பது ஒரு யூஎஸ்பி கேபிள்தான். இந்தச் சின்ன வேலைக்குள் என்ன நடக்கிறது என்று ஒருமுறை சரியாகப் புரிந்துகொண்டால், பின்னாளில் மோட்டார், ஹீட்டர், ரோபோ கை என்று எதை இயக்கப் போனாலும் பாதித் தடுமாற்றம் குறைந்துவிடும்.

கணினியில் ஓடும் நிரலால் அந்த எல்இடி இணைந்திருக்கும் 13-ஆம் பின்னை (மின் இணைப்பு முனையை) நேரடியாகத் தொட முடியாது. போர்டிலுள்ள ஏடிமெகா328பி சிப்புக்குள் நாம் முன்பே ஏற்றி வைத்த வேறொரு நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது. கணினி அதனிடம் சொல்கிறது, அது செய்கிறது. ஆகவே நாம் எழுத வேண்டியவை இரண்டு நிரல்கள். அவை பேசிக்கொள்ள இருக்கும் ஒரே வழி, ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் பைட்டுகள், அதாவது 0, 1 என்ற பிட்டுகள் எட்டு சேர்ந்த தொகுப்புகள்.

அந்தப் பயணத்தை அருகிலிருந்து பார்ப்போம். பைதான் நிரல் '1' என்ற எழுத்தை அனுப்புகிறது என்று வையுங்கள். அது யூஎஸ்பி வழியாகப் போர்டுக்கு வந்ததும் முதலில் சேருமிடம் முதன்மைச் சிப் அல்ல. யூஎஸ்பி இணைப்பியை ஒட்டி ஒரு துணைச் சிப் இருக்கும். யூனோ ஆர்3-ல் அது ஏடிமெகா16யூ2, பல நகல் போர்டுகளில் சிஎச்340. யூஎஸ்பியில் வந்ததைச் சாதாரண சீரியல் சமிக்ஞையாக, அதாவது ஒரே கம்பியில் பிட் பிட்டாகப் போகும் வடிவமாக மாற்றித் தருவது இதன் வேலை. இது இருப்பதால்தான் போர்டைச் செருகியதும் விண்டோஸில் காம்3, காம்4 என்று ஒரு பெயர் முளைக்கிறது.

துணைச் சிப்பிலிருந்து முதன்மைச் சிப்புக்குப் போகும் கம்பி, சும்மா இருக்கும்போது 5 வோல்ட்டில் நிற்கும். பைட் வரப்போகிறது என்பதற்கு அடையாளமாக 0 வோல்ட்டுக்கு இறங்கும். இது தொடக்க பிட். '1' என்ற எழுத்தின் குறியீடு 49, இரும எண்ணில் 00110001. கடைசி பிட்தான் முதலில் கிளம்பும் என்பதால் கம்பியில் 1, 0, 0, 0, 1, 1, 0, 0 என்று போகும். முடிவில் மறுபடி 5 வோல்ட், அதாவது நிறுத்த பிட். மொத்தம் 10 பிட்டுகள். பாட் ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை பிட் என்ற வேகம், 9600 என்றால் ஒவ்வொரு பிட்டும் சுமார் 104 மைக்ரோவிநாடி நீடிக்கும். ஓர் எழுத்து போய்ச்சேர 1 மில்லிவிநாடிக்குச் சற்றே கூடுதலாகிறது.

எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இங்கேதான் இருக்கிறது. இரு சிப்புகளுக்கும் பொதுவான கடிகாரக் கம்பி கிடையாது. மின்னழுத்தம் இறங்கும் அந்தக் கணத்தைப் பிடித்துக்கொண்டு, பெறும் சிப் தன் சொந்தக் கடிகாரத்தை வைத்தே ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் எட்டிப் பார்க்கிறது. அடுத்த பைட்டுக்கு மறுபடி புதிதாக எண்ணத் தொடங்குவதால், கடிகாரங்களுக்குள் சின்ன வித்தியாசம் இருந்தாலும் பிழை சேர்ந்துகொண்டே போவதில்லை. ஆனால் ஒரு பக்கம் 9600, மறுபக்கம் 115200 என்று வைத்தால் வருவதெல்லாம் குப்பை.

49 என்ற எண்ணையும் நினைவில் வையுங்கள். கணினி '1' என்ற எழுத்தை அனுப்ப, போர்டின் நிரல் 1 என்ற எண்ணை எதிர்பார்த்துக் காத்திருந்தால் விளக்கு எரியவே எரியாது. எழுத்தா எண்ணா என்று இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும்.

அடுத்த சிக்கல் பெரியது. சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் ஒரு சர்வோ மோட்டாரை 90 டிகிரிக்குத் திருப்ப '9', '0' என்று இரண்டு எழுத்துகளை அனுப்புகிறோம். அவற்றுக்கிடையே 1 மில்லிவிநாடி இடைவெளி. நமக்கு அது ஒன்றுமில்லை. 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சிப்புக்கோ அது 16,000 கடிகாரத் துடிப்பு நேரம். '9' வந்ததுமே "9 டிகிரி" என்று எடுத்துக்கொண்டு மோட்டாரைத் திருப்பிவிடும். சீரியலில் செய்தி என்று ஒன்று கிடையாது, பைட்டுகளின் ஓட்டம் மட்டுமே உண்டு. புள்ளியும் இடைவெளியும் இல்லாமல் ஓடும் ஓலைச்சுவடி எழுத்துபோல, எங்கே பிரிப்பது என்பதைப் படிப்பவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

எளிய தீர்வு, ஒவ்வொரு கட்டளையையும் புதுவரிக் குறியோடு முடிப்பது. அது வரும்வரை போர்டு எழுத்துகளைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், வந்த பிறகே பொருள் கொள்ளும். முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்தால் எந்தக் கருவிக்கான கட்டளை என்றும் தெரிந்துவிடும். வேலை முடிந்ததும் போர்டு ஒரு பதில் வரி அனுப்பட்டும். கணினி அதற்குக் காத்திருந்து அடுத்ததை அனுப்பட்டும்.

இதையெல்லாம் நாமே வகுக்க வேண்டாம் என்றால் ஃபர்மாட்டா இருக்கிறது. இசைக்கருவிகளை இணைக்கும் மிடி முறையை ஒட்டி அமைந்த நெறிமுறை அது. கட்டளை பைட்டுகள் 128-லிருந்து தொடங்கும், தரவு பைட்டுகள் அதற்குக் கீழேதான் இருக்கும். நடுவில் ஒரு பைட் தொலைந்தாலும் அடுத்த கட்டளை பைட்டைக் கண்டதும் போர்டு மீண்டும் ஒழுங்குக்கு வந்துவிடும். அழகான வடிவமைப்பு. கற்றுக்கொள்ள இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் முடிவெடுக்கும் பொறுப்பு முழுவதும் கணினியிடம் போய்விடுவதால், மோட்டார் போன்றவற்றுக்குச் சொந்தமாக எழுதுவதே நல்லது என்பேன்.

புதிதாக வருபவர்களை அதிகம் குழப்புவது இன்னொன்று. கணினி நிரல் சீரியல் இணைப்பைத் திறந்த உடனே யூனோ ரீசெட் ஆகும். புது நிரலை ஏற்ற வசதியாக, இணைப்பின் டிடிஆர் என்ற சமிக்ஞையை ஒரு கெப்பாசிட்டர் வழியாக ரீசெட் பின்னோடு கோத்திருக்கிறார்கள். ரீசெட் ஆனதும், சிப்பில் முதலில் ஓடும் பூட்லோடர் என்ற குட்டி நிரல், புது நிரல் வருகிறதா என்று சற்று நேரம் பார்க்கும். அந்த நேரத்தில் போகும் கட்டளைகள் நம் நிரலுக்குக் கிடைக்காது. எனவே இணைப்பைத் திறந்தபின் 2 விநாடி பொறுத்து அனுப்புவது வழக்கம். போர்டே "தயார்" என்று ஒரு வரி அனுப்பும்படி செய்துவிட்டால் இன்னும் உறுதி.

வரும் பைட்டுகளை நம் நிரல் படிக்கும்வரை போர்டு தேக்கி வைக்கும் இடம் (இடையகம்) 64 பைட்டுகள்தான். போர்டு நிரல் டிலே என்ற காத்திருப்புக் கட்டளையால் 1 விநாடி தூங்கினால், 9600 வேகத்தில் அதற்குள் 960 பைட்டுகள் வரை வந்துவிடலாம். இடம் நிறைந்தபின் வருபவை சத்தமில்லாமல் தொலையும். கணினிப் பக்கமும் இதே கதைதான். பதில் வரும்வரை முதன்மை நிரலே காத்திருந்தால் சாளரம் உறைந்து நிற்கும், வாசிக்கும் வேலையைத் தனி த்ரெட்டில், அதாவது நிரலுக்குள் இணையாக ஓடும் தனி இழையில் போடுங்கள்.

மேசைக்கணினியின் இயங்குதளம் பல நிரல்களை மாற்றி மாற்றி ஓட்டுவதால் நம் நிரல் எப்போது வேண்டுமானாலும் சற்றுத் தாமதிக்கலாம். சர்வோவுக்கோ 20 மில்லிவிநாடிக்கு ஒருமுறை, 1 முதல் 2 மில்லிவிநாடி நீடிக்கும் மின்துடிப்பு பிசகாமல் வேண்டும்; அந்த நீளம்தான் கோணத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே துடிப்பைப் போர்டு உருவாக்கட்டும், கணினி கோணத்தை மட்டும் சொல்லட்டும்.

நான் மிகவும் வலியுறுத்துவது, கணினி மௌனமானால் என்ன ஆகும் என்பதை. ஹீட்டரைப் போடச் சொன்ன நிரல் அடுத்த நொடி செயலிழந்தால், கடைசிக் கட்டளை அப்படியே நிற்கும். ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். அதனால் வேலை இல்லாவிட்டாலும் கணினி சில நூறு மில்லிவிநாடிக்கு ஒரு பைட் அனுப்பட்டும். 1 விநாடி எதுவும் வரவில்லை என்றால் போர்டு தானே எல்லாவற்றையும் அணைக்கட்டும். எழுதி முடித்ததும் சோதித்துப் பாருங்கள்: போர்டுக்குத் தனி மின்சாரம் கொடுத்து, மோட்டார் ஓடும்போதே யூஎஸ்பி கேபிளை உருவுங்கள். அப்புறம் மறுபடி இணைத்து, இந்தமுறை கணினி நிரலை டாஸ்க் மேனேஜரில் வலிய மூடுங்கள். இரண்டு முறையும் மோட்டார் 1 விநாடியில் நிற்க வேண்டும்.