ப்ராக்ஸி என்கிற பதிலி

கல்லூரியில் நண்பன் வராத நாளில் குரலை மாற்றி அவனுக்கும் சேர்த்து ‘ப்ரெசன்ட் சார்’ சொன்னோமே, அதுதான் நம்மில் பலருக்கும் அறிமுகமான முதல் ப்ராக்ஸி. பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அதே சொல் கணினித் திரையில் வந்து வழிமறிக்கிறது.

மூலம் லத்தீன். ‘ப்ரோ’ என்றால் ஒருவருக்காக, ‘கூராரே’ என்றால் கவனித்துக்கொள்வது. இரண்டும் சேர்ந்து ஆங்கிலத்தில் ‘ப்ரொக்யூரசி’யாகி, வாயில் தேய்ந்து ப்ராக்ஸி ஆனது. அகமுடையான் ஆம்படையான் ஆன மாதிரிதான். பங்குதாரர் கூட்டத்துக்குத் தனக்காக இன்னொருவரை அனுப்பினால் அவரும் ப்ராக்ஸிதான். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 105ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது.

அலுவலக நெட்வொர்க்கிலும் இதே வேலைதான். நம் பிரவுசர் தளத்திடம் நேரே போவதில்லை. நடுவில் நிற்கும் ப்ராக்ஸி சர்வர் போய்ப் பக்கத்தை வாங்கி வருகிறது. ஆகவே பக்கம் திறக்கவில்லை என்றால், மறுத்தது யார் என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை எலக்ட்ரானிக் சிட்டி அலுவலகத்தில் பக்கத்து இருக்கைத் தென்காசித் தம்பி, “அண்ணே, ஒரு சைட்டும் திறக்க மாட்டேங்குது, நெட் போச்சு” என்றார். எட்டிப் பார்த்தால் 407. நெட் எங்கேயும் போகவில்லை. ‘நீ யார், அதைச் சொல்லு முதலில்’ என்று ப்ராக்ஸி கேட்கிற எண் அது. வெள்ளிக்கிழமை மாலை பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார். விண்டோஸ் பழையதையே நீட்டிக்கொண்டிருந்தது. சேமித்து வைத்திருந்ததை அழித்துப் புதியதைக் கொடுத்ததும் திறந்துவிட்டது. 502, 504 வந்தால் கதை வேறு. ப்ராக்ஸி நம்மை ஏற்றுக்கொண்டு வெளியே போயிருக்கிறது. அங்கே கோளாறான பதில் கிடைத்தால் 502, காத்திருந்தும் ஒன்றும் வராவிட்டால் 504. அலுவலக லேப்டாப்போடு அல்சூர் வீட்டுக்கு வந்த பிறகு எதுவுமே திறக்கவில்லையா? அலுவலக ப்ராக்ஸியின் முகவரி செட்டிங்கில் அப்படியே இருக்கும். வீட்டிலிருந்து அதை எட்ட முடியாது, அணைத்துவிடுங்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ப்ராக்ஸி சர்வருக்குப் பதிலாள் சேவையகம், பதிலி வழங்கி இரண்டும் புழங்குகின்றன. ‘பதில்’ தமிழே இல்லையே என்பார்கள் தனித்தமிழ் அன்பர்கள். உண்மைதான், மாற்று என்று பொருள்படும் அரபுச் சொல் ‘பதல்’ உருது வழியாக வந்தது. ‘அவனுக்குப் பதில் நான் போனேன்’ என்பதில் அந்தப் பொருள் இன்றும் அப்படியே இருக்கிறது. அதுவும் வேண்டாம் என்பவர்கள் ‘பகரம்’ என்பதிலிருந்து பகராள் என்று ஆக்கிக்கொள்ளலாம். என் ஓட்டு பதிலிக்கு. கூட்டத்துக்குப் போகிறவர் பதிலாள், சரி. பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளுக்கு ‘ஆள்’ எதற்கு?

அடுத்த முறை 407 வந்தபோது தம்பி என்னைக் கூப்பிடவே இல்லை. “பதிலி கோவிச்சிருக்கு அண்ணே” என்று சொல்லிக்கொண்டே பாஸ்வேர்டைத் தட்டினார்.